ஆறு பெயர்களும் ஓர் உச்சவரம்பும்

அமெரிக்காவில் குடியேற்ற வழக்குகளைக் கவனிக்கும் வழக்கறிஞர் அலுவலகம் ஒன்றில் கோப்புகள் தயாரிப்பது என் வேலை. நாடு கடத்தலை ரத்துச் செய்யக் கோரும் '42பி' மனுக்களே என் மேசைக்கு அதிகம் வரும். பத்து ஆண்டுகள் தொடர்ந்து இங்கே வசித்ததையும், நன்னடத்தையையும், மனுதாரரை அனுப்பிவிட்டால் குடியுரிமையோ கிரீன் கார்டோ பெற்ற துணைவர், பெற்றோர், பிள்ளைகளில் ஒருவருக்கு வழக்கத்தை மீறிய கடுந்துன்பம் நேரும் என்பதையும் ஆவணங்களால் நிறுவ வேண்டும். வாடகை ரசீது, வரிக் கணக்கு, பள்ளிப் பதிவேடு, மருத்துவரின் கடிதம் என ஆண்டுவாரியாக அடுக்கி, மேல்விளிம்பில் இரண்டு துளையிட்டுக் கட்டுவோம். இடையில் ஓர் ஆண்டுக்குச் சான்று இல்லையென்றால், கட்சிக்காரர் பழைய வீட்டுக்காரரைத் தேடிப் போவார்.

இவ்வளவுக்குப் பிறகு நீதிபதி இணங்கினாலும், நிதியாண்டுக்கு 4,000 பேருக்கு மேல் இந்த நிவாரணம் கிடையாது என்கிறது 1996-ஆம் ஆண்டுச் சட்டம். வரம்பு நிரம்பிவிட்டால் சாதகமான தீர்ப்பும் நிறுத்திவைக்கப்படும். "ஜெயித்தோமா, இல்லையா?" என்று கேட்பவரிடம் இதை விளக்குவது எளிதன்று.

முன்பு அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் எண்ணிக்கைக்கு வரம்பிடவில்லை, பெயர்களையே பார்த்தது. 1952-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நாடு கடத்தல் நிறுத்தப்பட்டவர்களைப் பற்றி அரசின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரல் காங்கிரஸுக்கு அறிக்கை அனுப்புவார். இரு சபைகளில் ஏதேனும் ஒன்று தீர்மானம் போட்டு அந்த நிவாரணத்தை முறியடிக்கலாம். கென்யாவில் பிறந்து, பிரிட்டிஷ் கடவுச்சீட்டுடன் படிக்க வந்த ஜக்தீஷ் ராய் சாதாவுக்கு அதுதான் நேர்ந்தது. 1974-இல் குடியேற்ற நீதிபதி அவருக்கு நிவாரணம் அளித்தார். 1975 டிசம்பரில் பிரதிநிதிகள் சபை, 340 பேரில் அவரையும் சேர்த்து ஆறு பேரை மட்டும் மறுத்தது. தீர்மானத்தை அச்சிட்டுக்கூடக் கொடுக்கவில்லை, விவாதமும் இல்லை. அந்த அறுவரின் கோப்புகளை எத்தனை உறுப்பினர்கள் புரட்டியிருப்பார்கள் என்று, கோப்புக் கட்டுகிறவன் கேட்காமல் இருக்க முடியுமா?

இதை எதிர்த்துச் சாதா தொடுத்த வழக்கில் குடியேற்றத் துறையே அவரது வாதத்தை ஏற்றுக்கொண்டது. எதிர்த்து வாதாடியவை காங்கிரஸின் இரு சபைகள். இரு சபைகளின் ஒப்புதலும் குடியரசுத் தலைவரின் பார்வையும் இன்றி ஒரு சபை தனித்து முடிவெடுக்க முடியாது என்று 1983-இல் உச்ச நீதிமன்றம் 7-2 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. ஏறத்தாழ 200 சட்டங்களில் உள்ள இத்தகைய பிரிவுகள் செல்லாமற்போகும் என்று மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி வைட் கவலைப்பட்டார். எனக்கோ நீதிபதி பவல் தனியாக எழுதியதே முக்கியமாகப் படுகிறது: தனிமனிதர் தகுதியை நிறுத்துப் பார்ப்பது நீதிமன்றத்தின் வேலை, அதற்குரிய பாதுகாப்புகள் எதுவும் சபையில் இல்லை.

இன்றைய உச்சவரம்பு, முறைப்படி இரு சபைகளிலும் நிறைவேறி, கையெழுத்தும் பெற்றது. அந்த வகையில் குறை சொல்ல முடியாது. ஆனால் அதுவும் கோப்பைப் படிப்பதில்லை. அக்டோபர் 1 அன்று புதிய நிதியாண்டு தொடங்கும்போது, காத்திருப்பவர்களில் யாருக்கு இடம் கிடைத்தது என்று பார்க்கத் தொடங்குவோம்.