மலையூர் மாநகரோடு சேரும்போது: சகுமாவின் அலுவலக வேலை

ஜப்பானில் ஷிசுவோகா மாகாணத்து மலையூர் சகுமா, 2005 ஜூலை 1 அன்று வேறு பத்து உள்ளாட்சிகளோடு ஹமாமட்சு நகரில் சேர்ந்தது. 1956இல் நான்கு ஊர்கள் இணைந்து பிறந்த ஊர் அது. அந்த இணைப்பில் அலுவலகம் பள்ளத்தாக்கை விட்டுப் போகவில்லை. இரண்டாவது இணைப்பில், முடிவெடுக்கும் இடம் மலைப்பாதையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளிப் போயிற்று.

இப்படிப்பட்ட இணைப்புகளில் ஊழியர்களை அதிகம் வாட்டுவது குடிமக்கள் பதிவேடுதான். வத்தனாபே என்ற குடும்பப் பெயரில் வரும் 'பே' என்ற, சீனத்திலிருந்து வந்த கான்ஜி எழுத்துக்கே ஏராளமான வடிவங்கள் உண்டு. கணினியின் பொதுத் தொகுப்பில் இல்லாத வடிவத்தை ஒவ்வொரு ஊரும் தானே வரைந்து, காலியாக இருக்கும் ஒரு குறியீட்டு எண்ணில் வைத்திருக்கும். இரண்டு ஊர்கள் ஒரே எண்ணில் வெவ்வேறு எழுத்துகளை வைத்திருந்தால், தரவைச் சேர்த்த மறுநாள் ஒருவருடைய சான்றிதழில் இன்னொருவருடைய எழுத்து அச்சாகும். அதனால் இரண்டு ஊர் எழுத்துகளையும் அச்சிட்டு, அருகருகே வைத்து, கண்ணால்தான் ஒப்பிட வேண்டும். இந்த வேலைக்கு எத்தனை மாதம் கொடுத்தாலும் தகும்.

அடுத்தது கட்டணங்கள். சிறிய ஊர் பெரிய நகரில் சேர்ந்தால் அதன் துணைவிதிகள் அன்றே செல்லாமல் போகும். ஆகவே குடிநீர், குப்பை, குழந்தைகள் காப்பகம் என ஒவ்வொன்றையும் முன்கூட்டியே பேசி முடிக்க வேண்டும். 'சேவை உயர்ந்த ஊரின் அளவுக்கு, கட்டணம் குறைந்த ஊரின் அளவுக்கு' என்று அந்தக் காலத்தில் பல ஊர்கள் வாக்களித்தன. நீண்ட குழாயில் சில வீடுகளுக்கு மட்டும் தண்ணீர் போகும் மலையில் அந்தக் கணக்கு நிற்காது. கடினமானவற்றை 'இணைப்புக்குப் பின் சரிசெய்வோம்' என்று ஒத்திவைத்ததுதான் பெரிய தவறு என்பேன். பின்னால் பேசும்போது ஊருக்கென்று மேயரும் இல்லை, மன்றமும் இல்லை.

பணம் கிடைக்கத்தான் செய்தது. இணைப்புக்கான சிறப்புக் கடன் திட்டச் செலவில் 95 விழுக்காடு வரை ஈடுகட்டியது. திருப்பிச் செலுத்துவதில் 70 விழுக்காட்டை மைய அரசின் நிதிப்பகிர்வு ஏற்றது. ஆனால் அது பெரும்பாலும் கட்டுமானத்துக்கான கடன். பேருந்து ஓட்டுநரின் சம்பளத்துக்கு உதவவில்லை.

2007இல் ஹமாமட்சு வார்டுகளாகப் பிரிந்தபோது சகுமா டென்ரியூ வார்டுக்குள் போனது. இரண்டே ஆண்டில் முகவரி இரண்டாம் முறை மாறியது. நகரின் பரப்பில் அறுபது விழுக்காட்டுக்கு மேல் இந்த ஒரே வார்டு; மக்களோ இன்று நூற்றுக்கு நான்கு பேர்கூட இல்லை. 2024இல் ஏழு வார்டுகளை மூன்றாக்கியபோதும் டென்ரியூ தனியாகவே நின்றது. அது சரியான முடிவு.

கிளை அலுவலகத்தில் உள்ளூர்க்காரர் ஒருவராவது நெடுங்காலம் இருக்க வேண்டும். புயல் இரவில் எந்தச் சரிவு முதலில் இடியும், எந்த வீட்டில் முதியவர் தனியாக இருக்கிறார் என்பதெல்லாம் கோப்பில் முழுதாக இருப்பதில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் இடமாற்றம் அந்த அறிவைக் கலைத்துவிடுகிறது.

சகுமா மக்கள் இணைப்புக் காலத்திலேயே 'கன்பராமைக்கா சகுமா' என்ற லாபநோக்கமற்ற அமைப்பைத் தொடங்கினார்கள். முதியவர்களை மருத்துவமனைக்கும் கடைக்கும் கொண்டு விடும் கார் சேவையை அது நடத்துகிறது. சொந்த வாகனத்தில் கட்டணம் வாங்கி ஆளேற்றப் பதிவு வேண்டும். வாடகை வண்டி உரிமம் இல்லாத ஓட்டுநர் அதற்கான பயிற்சியை முடித்திருக்க வேண்டும். இணைப்பை யோசிக்கும் ஊர்கள் இந்த ஏற்பாட்டைக் கையெழுத்துக்கு முன்பே தொடங்கிவிடலாம்.