ஓஹையோவில் நீச்சலை வைத்துக் கல்லூரி தேடிய கதை

"உங்க பொண்ணுக்கு ஸ்விம்மிங்ல ஃபுல் ஸ்காலர்ஷிப்பாமே?" என்று என்னிடம் கேட்காத தமிழர் கொலம்பஸ் வட்டாரத்தில் குறைவு. இல்லை. நீச்சலுக்காக அவளுக்கு ஒரு டாலர்கூடக் கிடைக்கவில்லை. ஆனால் நீச்சல் இல்லாவிட்டால் அந்தக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்குமா என்பதும் சந்தேகம்தான். இரண்டும் எப்படி ஒன்றாக நடக்கும் என்று ஒவ்வொருவருக்கும் பந்தி வரிசையில் நின்றபடி சொல்லி முடிக்க முடியவில்லை, அதனால் எழுதிவிடுகிறேன். கல்லூரிப் பெயரைப் போடக்கூடாது என்பது மகளின் நிபந்தனை. ஓஹையோவுக்குள்தான், டிவிஷன் 3 (அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் மூன்று பிரிவுகளில் ஒன்று), 2025 இலையுதிர் காலத்தில் சேர்ந்தாள். அது போதும்.

நம் ஊர் ஸ்போர்ட்ஸ் கோட்டா மாதிரி, சான்றிதழ்களுக்கு மதிப்பெண் போட்டு, பட்டியல் வெளியிட்டு, கவுன்சிலிங்குக்குக் கூப்பிடும் ஏற்பாடு இங்கே கிடையாது. ஒவ்வொரு கல்லூரி கோச்சும் தனக்கு வேண்டிய ஆளைத் தானே தேடுகிறார், பிள்ளைகளும் ஆளாளுக்குப் போய்க் கதவைத் தட்டுகிறார்கள். ஓஹையோவில் தட்டுவதற்குக் கதவுகளுக்குப் பஞ்சமே இல்லை. ஓஹையோ ஸ்டேட்டை எல்லோருக்கும் தெரியும், 36 அணிகள், ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காரும் ஸ்டேடியம். சின்சினாட்டி 2023இல் பிக் 12 கான்ஃபரன்ஸுக்குப் (தங்களுக்குள் போட்டி நடத்தும் கல்லூரிகளின் குழு) போய்விட்டது. மிட்-அமெரிக்கன் கான்ஃபரன்ஸில் மட்டும் இந்த மாநிலத்துப் பல்கலைக்கழகங்கள் ஆறு: ஏக்ரன், பௌலிங் கிரீன், கென்ட் ஸ்டேட், மயாமி, ஓஹையோ யுனிவர்சிட்டி, டொலீடோ. (மயாமி என்றதும் என் அப்பா மதுரையிலிருந்து "கடலோரமா?" என்று கேட்டார். இது ஆக்ஸ்ஃபர்ட் என்ற சின்ன ஊர், சுற்றிலும் சோளக்காடு.) இவை எல்லாவற்றிலும் நீச்சல் அணி இருக்கிறது என்றும் நினைத்துவிட வேண்டாம், கல்லூரிக்குக் கல்லூரி பார்த்தாக வேண்டும். அப்புறம் ஆஷ்லாண்ட், ஃபின்ட்லே போன்ற டிவிஷன் 2 ஆட்கள். அதற்கு அப்பால் டிவிஷன் 3 கல்லூரிகள், ஊருக்கு ஊர்.

டிவிஷன் 1 என்றால் முதல் தரம், 3 என்றால் மூன்றாம் தரம் என்று நம்மவர்கள் சட்டென்று முடிவு கட்டிவிடுகிறார்கள், எங்கள் வீட்டிலும் அந்தப் பேச்சு ஓடியது. ஓஹையோவில் இருந்துகொண்டு அப்படிச் சொல்வதுதான் வேடிக்கை. கேம்பியர் என்ற கிராமத்தில் இருக்கும் கென்யன் கல்லூரியின் ஆண்கள் நீச்சல் அணி 1980 முதல் 2010 வரை, ஒரு வருடம் விடாமல், 31 முறை டிவிஷன் 3 தேசியப் பட்டத்தை வாங்கியது. 2011இல் அதை நிறுத்தியது யார் என்றால் கார் எடுத்தால் ஒரு மணி நேரம்கூட ஆகாத கிரான்வில்லில் இருக்கும் டெனிசன், அதுவும் ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில். அமெரிக்கக் கால்பந்தில் மவுன்ட் யூனியனிடம் 13 டிவிஷன் 3 பட்டங்கள் இருக்கின்றன. இன்னொன்று, ஓஹையோ ஸ்டேட் கால்பந்து அணியைக் கடைசியாகத் தோற்கடித்த ஓஹையோ கல்லூரி எது தெரியுமா? ஓபர்லின், 1921இல், 7க்கு 6. இன்றைக்கு அது டிவிஷன் 3.

மகளின் பந்தயம் 100 கஜம் பிரெஸ்ட் ஸ்ட்ரோக். (இங்கே பள்ளியும் கல்லூரியும் 25 கஜக் குளத்தில்தான் நீந்துகின்றன, நம் ஊர் மீட்டர் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்காதீர்கள்.) பதினோராம் வகுப்பில் 1:06க்கு வந்திருந்தாள். அந்த நேரத்தை வைத்து என்ன செய்யலாம் என்பதுதான் எல்லாமே. கோச்சுகள் பார்க்கும் ஸ்விம்கிளவுட் தளத்தை நாமும் பார்க்கலாம், எந்தக் கல்லூரியில் யார் என்ன நேரம் என்று அப்படியே கிடக்கிறது. நாங்கள் உட்கார்ந்து ஒவ்வொரு அணியின் பிரெஸ்ட் ஸ்ட்ரோக் பெண்களின் நேரத்தையும், அவர்கள் எந்த வருடம் படிப்பை முடிக்கிறார்கள் என்பதையும் தாளில் எழுதினோம். ஓஹையோ ஸ்டேட் கண்ணுக்கே எட்டவில்லை. நடுத்தர டிவிஷன் 1 அணிகளில் இருப்பாள், ஆனால் கான்ஃபரன்ஸ் போட்டியில் புள்ளி எடுப்பது கஷ்டம். நல்ல டிவிஷன் 3 அணியில் ரிலேவுக்கே போட்டி போடலாம். இரண்டு சீனியர்கள் ஒரே வருடத்தில் வெளியேறும் அணியில் கோச்சுக்கு ஆள் தேவைப்படும், அங்கே பதிலும் சீக்கிரம் வரும். கல்லூரிப் பட்டியலை இதை வைத்துத்தான் போட வேண்டும், பெயரையும் டிவிஷனையும் வைத்து இல்லை.

பத்தாம் வகுப்பு முடிந்த ஜூன் 15இலிருந்துதான் டிவிஷன் 1 நீச்சல் கோச்சுகள் பிள்ளைகளிடம் நேரடியாகப் பேசலாம். அன்றைக்கு எங்கள் வீட்டுப் போன் அடிக்கவில்லை. அவள் நேரத்துக்கு யாரும் நள்ளிரவில் கூப்பிட மாட்டார்கள், சரி. டிவிஷன் 3 கோச்சுகளுக்கு அந்தத் தேதிக் கட்டுப்பாடு கிடையாது, அவர்களில் சிலர் ஏற்கெனவே எழுதியிருந்தார்கள். மின்னஞ்சல்களை அவளே எழுத வேண்டும் என்பதில் மட்டும் நாங்கள் கறாராக இருந்தோம். பெற்றோர் எழுதிய கடிதம் கோச்சுக்கு முதல் வரியிலேயே தெரிந்துவிடும். நேரம், மதிப்பெண், எந்தப் பாடம் படிக்க ஆசை, அந்த அணியைப் பற்றி உண்மையாகவே தெரிந்த ஒரு விஷயம், அவ்வளவுதான் கடிதம். "எங்கள் கோடை கேம்ப்புக்கு வா" என்று அழகாகப் பெயர் போட்டு வருகிற மடல்களைப் பார்த்து மயங்க வேண்டாம். பெரும்பாலும் அது எல்லோருக்கும் போவது, கேம்ப்புக்குக் கட்டணம் உண்டு.

என்சிஏஏ எலிஜிபிலிட்டி சென்டரில் பதிவு செய்வது டிவிஷன் 1க்கும் 2க்கும் கட்டாயம். 16 கோர் பாடங்கள், டிவிஷன் 1க்கு அந்தப் பாடங்களில் 2.3 ஜிபிஏ (மதிப்பெண் சராசரி). நம் பிள்ளைகளுக்கு ஜிபிஏ ஒரு தலைவலியே இல்லை, பாடப் பட்டியல்தான். பள்ளியின் அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் இல்லாத ஆன்லைன் பாடம் கணக்கில் வராது. அதனால் ஒன்பதாம் வகுப்பிலேயே கவுன்சிலரிடம் அந்தப் பட்டியலைக் கேட்டு வாங்கிவிடுங்கள். இதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை.

இனி பணம். ஃபுல் ஸ்காலர்ஷிப் என்ற நினைப்பு கால்பந்தையும் கூடைப்பந்தையும் பார்த்து வந்தது. நீச்சலில் பழைய விதிப்படி ஒரு டிவிஷன் 1 பெண்கள் அணிக்கு அதிகபட்சம் 14 ஸ்காலர்ஷிப், ஆண்களுக்கு 9.9. அதைத்தான் இருபது முப்பது பேருக்குத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுப்பார்கள், அந்த 14ஐயும் முழுதாகக் கொடுக்கப் பல கல்லூரிகளிடம் பணம் இருக்காது. 2025இல் ஹவுஸ் வழக்கின் (கல்லூரி விளையாட்டு வீரர்கள் என்சிஏஏ மீது தொடுத்தது) சமரசத்துக்குப் பிறகு, அதில் சேர்ந்த கல்லூரிகளுக்கு ஸ்காலர்ஷிப் உச்சவரம்பு போய், அணிக்கு இத்தனை பேர்தான் என்ற வரம்பு வந்திருக்கிறது, நீச்சலுக்கு 30. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் உச்சவரம்பை எடுத்ததால் கல்லூரிக் கஜானா நிறைந்துவிடாது.

இந்த வரம்பு எங்களையும் இடித்துவிட்டுத்தான் போனது. ஒரு டிவிஷன் 1 கோச், பெயர் வேண்டாம், ஸ்காலர்ஷிப் இல்லாமல் அணியில் இடம் தருவதாக வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார். மகளும் பாதி மனசை அங்கே வைத்துவிட்டாள். சமரசத்துக்கு 2024 அக்டோபரில் நீதிமன்றம் முதற்கட்ட ஒப்புதல் கொடுத்ததும் "அணி எண்ணிக்கையை மறுபரிசீலனை செய்கிறோம்" என்று ஒரு மடல், அதன் பிறகு சத்தமே இல்லை. பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அக்டோபரில் இப்படிச் செய்வது நியாயமில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன், அந்த கோச்சுக்கே மேலிடத்திலிருந்து என்ன சொன்னார்களோ.

நல்ல வேளையாக அதற்கு முன்பே கோடையில் சில டிவிஷன் 3 கல்லூரிகளில் ப்ரீ-ரீட் முடிந்திருந்தது. எனக்கு இந்த முழு ஏற்பாட்டிலும் பிடித்தது இதுதான். பதினோராம் வகுப்பு முடிந்ததும் கோச் மதிப்பெண் பட்டியலையும், பன்னிரண்டாம் வகுப்பில் எடுக்கப்போகும் பாடங்களையும் வாங்கி, அட்மிஷன் அலுவலகத்தில் கொடுத்துப் பார்க்கச் சொல்கிறார். அவர்கள் பச்சை, மஞ்சள், சிவப்பு மாதிரி ஒரு அபிப்பிராயம் சொல்வார்கள். உத்தரவாதம் இல்லை, ஆனால் மற்ற பிள்ளைகள் டிசம்பர் வரை இருட்டில் இருக்கும்போது நம் பிள்ளைக்கு ஜூலையிலேயே ஓரளவு தெரிந்துவிடுகிறது. பச்சை என்றால் கோச் அடுத்துக் கேட்பது, "எர்லி டிசிஷன் போடுவாயா?" அது கட்டுப்படுத்தும் விண்ணப்பம், இடம் கிடைத்தால் போயாக வேண்டும். பணத்தில் நிச்சயம் வராமல் அதில் கையெழுத்துப் போடுவது ஆபத்து.

டிவிஷன் 3இல் விளையாட்டுக்காக உதவித்தொகை கொடுக்கவே கூடாது. மறைமுகமாகக் கொடுக்கிறார்களா என்று பார்க்க, விளையாட்டு மாணவர்களுக்கும் மற்றவர்களுக்கும் தரும் உதவியைக் கல்லூரிகள் ஒவ்வொரு வருடமும் என்சிஏஏவுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். ஆனால் படிப்புக்கும் குடும்ப வருமானத்துக்கும் தரலாம், அங்கேதான் நம் பிள்ளைகளின் மதிப்பெண் வேலை செய்கிறது. வருடம் 80,000 டாலர் என்ற விலைச்சீட்டைப் பார்த்து ஓடிவிடாமல், ஒவ்வொரு கல்லூரித் தளத்திலும் சட்டப்படி இருக்க வேண்டிய நெட் பிரைஸ் கால்குலேட்டரில் வருமானத்தைப் போட்டுப் பாருங்கள். அந்த வருடம் ஃபாஃப்சா என்ற மத்திய அரசுக் கல்வி உதவி விண்ணப்பமே வழக்கமான அக்டோபரில் திறக்காமல் நவம்பருக்குத் தள்ளிப் போனது. அதனால் எர்லி டிசிஷனுக்கு முன்னால் கால்குலேட்டரையும், உதவித்தொகை அலுவலகத்தில் கெஞ்சி வாங்கிய ஒரு மதிப்பீட்டையும் நம்பித்தான் இறங்கினோம். எச்-1பி குடும்பங்கள் கவனிக்க: எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைக்கு ஃபாஃப்சா வழியாக மத்திய அரசு உதவி கிடையாது. கல்லூரி தன் சொந்தப் பணத்தில் தருமா என்று ஒவ்வொன்றிடமும் தனியாகக் கேட்க வேண்டும். எங்களிடம் கிரீன் கார்டு இருந்தது, அந்த வலி இல்லை.

சிறிய கல்லூரி என்றால் இன்னொன்றையும் பார்க்கத்தான் வேண்டும். கிளீவ்லாண்ட் பக்கத்தில் 1922இல் தொடங்கிய நோட்ர டாம் கல்லூரி, டிவிஷன் 2, 2024 மே மாதத்தோடு மூடிவிட்டது. அதற்கு முன் 2020இல் அர்பானா. கல்லூரியையே மூடாவிட்டாலும் அணியை மூடுவார்கள். 2020இல் சின்சினாட்டி ஆண்கள் சாக்கரை நிறுத்தியது, 2025 ஜனவரியில் கிளீவ்லாண்ட் ஸ்டேட் மல்யுத்தம், சாஃப்ட்பால், பெண்கள் கோல்ஃப் மூன்றையும் நிறுத்தியது. அதனால் ஒவ்வொரு கோச்சிடமும் மகள் ஒரு கேள்வி கேட்டாள்: "இந்த அணி இல்லாமல் போனாலும் நான் இங்கே படிக்க ஆசைப்படுவேனா?" கேள்வி தனக்கானதுதான், ஆனால் கோச்சின் முகம் அதற்கு எப்படிப் போகிறது என்று பார்ப்பாளாம். ஒருவர் சிரித்துவிட்டு, நீச்சல் பக்கமே போகாமல் நேராக வேதியியல் துறைக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். அங்கேதான் சேர்ந்தாள்.

ஓஹையோ ஸ்டேட்டுக்கு வீட்டிலிருந்தே போய் வந்திருந்தால் இதைவிடக் குறைவாகத்தான் ஆகியிருக்கும், ஒவ்வொரு செமஸ்டர் பில் வரும்போதும் என் மனைவி அதைச் சொல்லாமல் விடுவதில்லை.