செடியோடு இறங்கி வந்தவை

சேலத்தில் அலுவலகங்களுக்கு வாடகைக்குச் செடி வைத்துப் பராமரிப்பது என் வேலை. வாரம் ஒரு நாள் போய்த் தண்ணீர் பார்த்து, இலை துடைத்து, வாடிய தொட்டியை எடுத்துவிட்டு வேறு வைப்போம். பதினோரு வருடமாகிறது. இதில் நான் செய்த ஒரு தவறு இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

ஆயுத பூஜைக்கு முந்தைய வாரம் ஓர் அலுவலகத்தில் வரவேற்பறைக்கு நாற்பது தொட்டி கேட்டார்கள். கையிருப்பு போதவில்லை. குட்டியானை வண்டியை எடுத்துக்கொண்டு ஏற்காட்டுக்குப் போனேன். மழை விட்டிருந்த நேரம், நர்சரியில் கோலியஸும் குரோட்டன்ஸும் பெகோனியாவும் கண்ணைப் பறித்தன. அள்ளிப் போட்டுக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, அன்று மாலையே வரவேற்பறையில் அடுக்கிவிட்டேன். வழக்கமாகப் புதுச் செடிகளை எங்கள் ஷெட்டில் இரண்டு மூன்று வாரம் தனியாக வைத்துப் பார்ப்போம். அந்த முறை நேரமில்லை. மேலாகப் பார்த்ததில் இலைகள் சுத்தமாக இருந்தன. அடி இலையை நான் திருப்பிப் பார்க்கவில்லை.

மூன்றாவது வாரம் அங்கே கூட்டித் துடைக்கும் அக்கா போன் செய்தார். "தம்பி, எத்தனை தடவை துடைச்சாலும் தொட்டிக்குக் கீழே பிசுபிசுங்குது. செடியில பஞ்சு பஞ்சா ஒட்டியிருக்கு, எறும்பு வேற."

போய்ப் பார்த்தேன். மாவுப்பூச்சி. காம்பு தண்டோடு சேரும் கவட்டிலெல்லாம் வெள்ளையாக அடைந்திருந்தது. அது சாற்றை உறிஞ்சிவிட்டுத் தேன்பாகு போலக் கழிவை விடும். தரையில் பிசுபிசுத்தது அதுதான். இலையில் படிந்த பாகின் மேல் கரும்பூசணம் பிடித்திருந்தது. பாகுக்காக வரும் எறும்பு, பூச்சியைத் தின்ன வருவதையும் விரட்டிவிடும். மலைக் குளிரில் மெதுவாகப் பெருகுவது கீழே வெதுவெதுப்பில் வேகமெடுக்கும். ஒரு தாய்ப்பூச்சி அந்தப் பஞ்சுப் பைக்குள் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். வெளியில் என்றால் மழை கொஞ்சம் அடித்துப் போகும், பொறிவண்டு கொஞ்சம் தின்னும். நாலு சுவருக்குள் அதைக் கேட்க ஆளில்லை.

நான் கொண்டுவந்த தொட்டிகள் போனதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை. மாடிப்படி ஜன்னலில் அந்த அக்கா ஒரு குரோட்டன்ஸ் வைத்திருந்தார். அம்மா வீட்டு வாசலில் இருந்து ஒடித்து வந்த குச்சி, ஆறு வருடச் செடி. அந்த வீட்டை விற்றுவிட்டார்களாம், தாய்ச்செடியும் இல்லை. அதிலும் நுனி வரை ஏறியிருந்தது. ஒருவேளை ஒரே துணியால் எல்லாச் செடியையும் நான் துடைத்ததில் போயிருக்கலாம்.

அவர் கோபப்படவில்லை. "எங்க அண்ணன் குச்சிக்கிழங்குக் காட்டுலயும் இதே மாதிரிதான் தம்பி, நுனியெல்லாம் சுருண்டு போச்சு. கரணையோட வந்ததுன்னு சொன்னாங்க" என்றார்.

ஆத்தூர்ப் பக்கம் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி வைத்த எல்லோருக்கும் அது தெரியும். தென்னமெரிக்காவைச் சேர்ந்த மரவள்ளி மாவுப்பூச்சி 1970களில் ஆப்பிரிக்காவில் மரவள்ளிக் காடுகளைக் காடு காடாக அழித்தது. இந்தியாவில் 2020இல் கேரளத்தில் முதலில் கண்டார்கள், சீக்கிரமே நம் மாவட்டத்துக்கும் வந்துவிட்டது. அந்த இனத்தில் பெண் பூச்சிக்கு ஆண் துணையே வேண்டாம். ஒரே ஒரு பூச்சி ஒட்டிக்கொண்டு வந்தால் போதும். வாங்கி நடும் கரணையின், அதாவது தண்டுத் துண்டின், கணுவில் அது இருந்தால் யார் கண்ணுக்குத் தெரியும்? ஆப்பிரிக்காவில் அதை அடக்கிய அனாகைரஸ் லோபெசி என்ற சின்னக் குளவியை பெனின் நாட்டிலிருந்து வரவழைத்து, 2022இல் நம் ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில்தான் விட்டார்கள். இதெல்லாம் தெரிந்தும், ஒரு வண்டிச் செடியை மலையிலிருந்து இறக்கும்போது எனக்கு அது நினைவுக்கு வரவில்லை.

அப்புறம் வேலைதான். மோசமான தொட்டிகளைப் பையில் போட்டுக் கட்டி அப்புறப்படுத்தினோம். மற்றவற்றை ஷெட்டுக்குக் கொண்டுபோய், சர்ஜிகல் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் ஒவ்வொரு கவட்டையும் துடைத்தேன். மாவுப்பூச்சியின் மேல் இருக்கும் மெழுகுப் பூச்சில் வெறும் தண்ணீர் ஒட்டாது. லிட்டருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெயை சோப்புக் கரைசலோடு கலந்து வாரம் ஒருமுறை அடித்தேன். ஒரே தடவையில் விட்டுவிடக் கூடாது, முட்டையில் இருப்பது பிறகுதான் வெளியே வரும். தொட்டியைக் கவிழ்த்து வேரையும் பார்த்தேன். வேரிலேயே வாழும் மாவுப்பூச்சியும் உண்டு.

அந்த நாட்களில் ஏற்காட்டு நர்சரியில் வேலை செய்யும் பெரியவர் ஒருவர் ஒன்றைக் காட்டினார். பெரிய மாவுப்பூச்சி என்று நினைத்து நான் நசுக்கப் போனேன், கையைப் பிடித்துக்கொண்டார். "இது ஓடுது பாருங்க, உடம்புல நீளமா வெள்ளை முடி. அதைத் திங்கிற வண்டோட புழு இது." கிரிப்டோலேமஸ் என்னும் பொறிவண்டு. காப்பிச் செடியின் பூச்சிக்காக 1898இல் ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. பூச்சியைப் போலவே வேஷம் போட்டிருக்கும் அந்தப் புழுவை இத்தனை வருடத்தில் எத்தனை நசுக்கியிருப்பேன் என்று நினைத்தால் இப்போதும் கஷ்டமாக இருக்கிறது.

அக்காவின் குரோட்டன்ஸ் பிழைக்கவில்லை. நுனியில் இரண்டு குச்சி மட்டும் பச்சையாக இருந்தது. கழுவி, துடைத்து, ஷெட்டில் தனியாக வேர் விட வைத்தேன். ஒன்று அழுகிவிட்டது. மற்றொன்றில் இலை துளிர்த்ததும் சின்னத் தொட்டியில் கொண்டுபோய்க் கொடுத்தேன். பழைய ஜன்னலில் மற்ற செடிகளோடு வைக்கப் போனேன். அவர் விடவில்லை. மேல்தளத்துக்குத் தனியாக எடுத்துப் போனார்.

அடுத்த வாரம் போனபோது அடி இலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "கீழே கொண்டு வரலாமாக்கா?" என்றேன்.

"இன்னும் பதினாலு நாள் இருக்கு தம்பி" என்றார்.