மதிப்பெண் குறைந்தது சரி, எதனால் குறைந்தது?

சென்னைக் கல்லூரிகளில் எம்.எஸ்ஸி. உளவியல் டிசர்டேஷன்களுக்குக் கைடாக இருப்பவர்களுக்கு ஒரு வடிவமைப்பு மனப்பாடம். 60 மாணவர்களுக்கு மன அழுத்த வினாத்தாள், நான்கு வாரம் மூச்சுப் பயிற்சி, மறுபடி அதே வினாத்தாள். அழுத்த மதிப்பெண் குறைந்து, பி மதிப்பு (பலனே இல்லாவிட்டாலும் இவ்வளவு வித்தியாசம் தற்செயலாக வர எவ்வளவு வாய்ப்பு என்பது) 0.05க்குக் கீழே வந்ததும் 'பயிற்சி பலன் தருகிறது' என்று கடைசி அத்தியாயத்தை எழுதி பைண்டிங்குக்குக் கொடுத்துவிடுகிறார்கள். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இருக்காது. வைவாவில் வெளித்தேர்வாளர் முதலில் கை வைக்கும் இடம் அதுதான்.

ஆய்வு வடிவமைப்பு பற்றி எழுதிய டொனால்டு கேம்பெல்லும் ஜூலியன் ஸ்டான்லியும் 1963இலேயே இந்த ஒற்றைக்குழு முன்சோதனை-பின்சோதனை முறையின் ஓட்டைகளை வரிசைப்படுத்திவிட்டார்கள். உள் ஏற்புடைமையை, அதாவது மாற்றத்துக்குக் காரணம் பயிற்சியேதான் என்று சொல்லும் தகுதியை, குலைப்பவை என்று அவர்கள் சொன்னவை எட்டு. மாணவர்கள் எட்டையும் ஒப்பிப்பார்கள். தங்கள் சொந்த ஆய்வில் எது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று கேட்டால்தான் திணறுவார்கள்.

முதலில் காலண்டரை எடுத்துப் பாருங்கள். செமஸ்டர் தேர்வுக்கு முந்தைய வாரம் முன்சோதனை, தேர்வெல்லாம் முடிந்து ஊருக்குக் கிளம்பும் நேரத்தில் பின்சோதனை என்றால், மூச்சுப் பயிற்சியே இல்லாமலும் மதிப்பெண் இறங்கும். வடகிழக்குப் பருவமழை இதையே தலைகீழாக்கும். 2015 டிசம்பர் வெள்ளமோ 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலோ இரண்டு அளவீடுகளுக்கு நடுவே வந்திருந்தால், நல்ல பயிற்சியும் தோற்றதுபோலத் தெரிந்திருக்கும். ஒரே நாட்களில் அளக்கப்படும், பயிற்சி பெறாத கட்டுப்பாட்டுக் குழு இருந்தால் மழையும் தேர்வும் இரு பக்கமும் சமமாக விழும்.

இதைவிட வஞ்சகமானது சராசரிக்குத் திரும்புதல்: ஒரு முறை மிக அதிகமாக வந்த மதிப்பெண் மறுமுறை தானாகவே சராசரிப் பக்கம் நகர்வது. பெற்றோர் உயரத்தையும் பிள்ளைகள் உயரத்தையும் ஒப்பிட்டு 1886இல் ஃபிரான்சிஸ் கால்ட்டன் எழுதியது இதைப் பற்றித்தான். நம் ஆய்வுகளில் இது நுழைவது 'அழுத்தம் அதிகமுள்ளவர்களை மட்டும் எடுத்தோம்' என்ற வரி வழியாக. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கல்லூரியின் சராசரி 18. நீங்கள் வடிகட்டி எடுத்தவர்களின் சராசரி 30. அந்த வினாத்தாளை இரண்டு முறை கொடுத்தால் கிடைக்கும் ஒட்டுறவு (இரு மதிப்பெண்களும் எவ்வளவு சேர்ந்து போகின்றன என்பது, முழுப் பொருத்தம் என்றால் 1) 0.7, மதிப்பெண்களின் பரவல் இரண்டு முறையும் ஒன்றே என்று கொள்வோம். பின்சோதனையில் எதிர்பார்க்க வேண்டியது 18 + 0.7 × 12, அதாவது 26.4. யாரும் எதுவும் செய்யாமலே 3.6 புள்ளி குறைகிறது. முன்சோதனை நாளில் தூக்கமில்லாமலோ சண்டை போட்டுவிட்டோ வந்தவர்கள் அந்த வடிகட்டியில் அதிகம் சிக்கியிருப்பார்கள். மறுமுறை அவர்களுக்குச் சாதாரண நாள். இரண்டு சராசரிகளை ஒப்பிடும் டி-சோதனைக்கு, இறக்கம் பயிற்சியால் வந்ததா இப்படி வந்ததா என்று தெரியாது. வடிகட்டுவதற்கு ஒரு அளவீடு, அடிப்படை அளவாக வைத்துக்கொள்ள வேறொரு நாளில் இன்னொன்று என்று எடுத்தால் இதன் பெரும்பகுதி கழிந்துவிடும்.

அளவுகோலையும் நெருங்கிப் பார்க்க வேண்டும். ஷெல்டன் கோஹன் குழுவின் உணரப்பட்ட அழுத்த அளவுகோலின் பத்துக் கேள்வி வடிவத்தில் கேள்விக்கு 0 முதல் 4, மொத்தம் 0 முதல் 40 வரை. 4, 5, 7, 8 ஆகிய நான்கு கேள்விகள் நேர்மறையானவை, தலைகீழாக்கிக் (0 என்றால் 4, 4 என்றால் 0) கூட்ட வேண்டும். மறந்துவிட்டால், 40 எடுக்க வேண்டியவர் 24 எடுப்பார், 0 எடுக்க வேண்டியவர் 16 எடுப்பார். எல்லாரும் நடுவில் வந்து குவிந்துகொள்வார்கள். எஸ்.பி.எஸ்.எஸ். புள்ளியியல் மென்பொருளில் குரோன்பாக் ஆல்பா (கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகும் அளவு) தரைமட்டமாக வந்தால் முதலில் இந்த நான்கைச் சரிபாருங்கள். இன்னொன்று, அந்த வினாத்தாள் கேட்பது கடந்த ஒரு மாதத்தை. இரண்டு வாரப் பயிற்சி முடிந்த மறுநாளே கொடுத்தால், பதிலில் பாதி பயிற்சிக்கு முந்தைய காலத்தைப் பற்றியது. முன்சோதனை தமிழ்த் தாளில், பின்சோதனை ஆங்கில கூகுள் ஃபார்மில் என்றால் ஒப்பீட்டையே விட்டுவிடலாம்.

பயிற்சி கொடுத்தவரே தாளையும் நீட்டுவது நம் ஊர் வழக்கம். 'மேம் இவ்ளோ கஷ்டப்பட்டுச் சொல்லிக்கொடுத்தாங்க, குறைஞ்சிருக்குன்னு போட்டுடுவோம்' என்று மாணவர் நினைப்பதில் தப்பில்லை, மரியாதைதான் அது. ஆய்வுக்குத்தான் கேடு. தாளை வேறொருவர் வாங்கட்டும். பெயருக்குப் பதில் அம்மா பெயரின் முதல் எழுத்தும் கைப்பேசி எண்ணின் கடைசி மூன்று இலக்கமும் சேர்ந்த குறியீடு போதும், இரண்டு தாளையும் இணைத்துவிடலாம்.

குழு பிரிக்கும்போது ஒற்றைப்படை ரோல் நம்பர் இங்கே, இரட்டைப்படை அங்கே என்பது குலுக்கல் ஆகாது. அடுத்து வருபவர் எந்தக் குழு என்று முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. கணினி தந்த வரிசையை, சேர்க்கையில் கை வைக்காத ஒருவர் ஒளி ஊடுருவாத உறைகளில் ஒட்டி எண்ணிட்டு வைத்தாலே பாதி வேலை முடிந்தது. நடுத்தர விளைவைப் பிடிக்க (டி 0.5, அதாவது குழுக்களின் வித்தியாசம் அரை திட்டவிலக்கம்; திறன் 80 சதவீதம், அதாவது விளைவு உண்மையில் இருந்தால் அது ஆய்வில் தெரியவரும் வாய்ப்பு) குழுவுக்கு 64 பேர் வேண்டும். 20 சதவீதம் பேர் விலகுவார்கள் என்றால் 80.

ஹாஸ்டலில் ஒரே அறைத் தோழிகளை இரு குழுவில் போட்டால் பயிற்சி ஆடியோ அன்று இரவே வாட்ஸ்அப்பில் போய்விடும். அதற்குப் பயந்து வகுப்பு வகுப்பாகப் பிரித்தால் வேறு விலை. வகுப்புக்கு 30 பேர், வகுப்புக்குள் ஒற்றுமை (ஒரே வகுப்பினரின் மதிப்பெண்கள் ஒன்றுபோல இருக்கும் அளவு) 0.05 என்றாலே 120 மாணவர்களின் தகவல் 49 தனி மாணவர்களின் தகவலுக்குத்தான் சமம். அதிலும் இரண்டே வகுப்பு, ஆளுக்கொரு குழு என்றால் பயிற்சியின் விளைவையும் வகுப்பின் விளைவையும் எந்தக் கணக்காலும் பிரிக்க முடியாது.

மேற்கத்தியக் கல்லூரி மாணவர்களை வைத்து மனித குலத்தைப் பற்றிப் பேசுகிறார்கள் என்ற ஹென்ரிக் குழுவின் 2010 விமர்சனத்தை எல்லா டிசர்டேஷனும் மேற்கோள் காட்டுகிறது. அடுத்த பக்கத்திலேயே ஒரே கல்லூரியின் 60 பேரிடமிருந்து 'தமிழக இளைஞர்கள்' வந்துவிடுகிறார்கள்.

கடைசியில் குறைபாடுகள் என்ற பகுதி. 'கால அவகாசம் போதவில்லை, மாதிரி சிறியது' என்று எழுதுவது சடங்கு, தேர்வாளருக்கு அதில் ஒன்றுமில்லை. மாறாக இப்படி எழுதலாம்: '60 பேரில் 19 பேர் விலகினர். விலகியவர்களின் முன்சோதனைச் சராசரி 29, தொடர்ந்தவர்களுடையது 23. அழுத்தம் மிகுந்தவர்களே அதிகம் போயிருப்பதால், எஞ்சிய 41 பேரிடம் கண்ட முன்னேற்றத்தை எல்லாருக்குமானதாகக் கொள்ள இயலாது.' இப்படி எழுத வேண்டுமானால் விலகியவர்களின் தாள்களைக் கிழித்துப் போடாமல் வைத்திருக்க வேண்டும்.