ஷிப்ட் முடிந்து நாசி கண்டார்

ஆகஸ்ட் 5, 2024, திங்கள்

மாலை ஷிப்ட் பதினொரு மணிக்கு முடிந்தது. மலேசியாவின் பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸிலிருந்து மோட்டாரை நேராக ஜார்ஜ்டவுனுக்கு விட்டேன். இந்த நேரத்தில் வீட்டுக்குப் போய் உலை வைக்க யாருக்குத் தெம்பு இருக்கிறது? சந்துக்குள் இருக்கும் பாய் கடையில் நாசி கண்டார், அதாவது சோற்றின் மேல் பல குழம்புகளைக் கலந்து ஊற்றும் சாப்பாடு. சோறு, அவித்த முழு வெண்டைக்காய், முட்டை, மேலே கலவைக் குழம்பு, ஓர் அப்பளம். ஏழு வெள்ளி (ரிங்கிட்). கூட ஒரு தே ஓ ஐஸ், பால் சேர்க்காத ஐஸ் தேநீர்.

வரிசையில் எனக்கு முன்னால் மருத்துவமனைச் சீருடையோடு இரண்டு தாதியர், அவர்களுக்கு முன்னால் கிராப் வாடகைக் கார் ஓட்டும் ஒரு சீனப் பெரியவர். பினாங்கில் எல்லா இனத்தாரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடும் இடம் எது என்று கேட்டால், நள்ளிரவு நாசி கண்டார் கடை என்றுதான் சொல்வேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

கூட்டம் இல்லை. குழம்பு ஊற்றும் அண்ணனின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முன்னால் நின்றவர் ‘பஞ்சிர்’ கேட்டார். சோறு மூழ்குகிற அளவுக்குக் குழம்பு. முதலில் கோழிக் குழம்பு சோற்றின் நடுவில் விழுந்தது. அதைச் சுற்றி மீன் குழம்பு. அப்புறம் சோயா சாற்றில் வெந்த மாட்டிறைச்சியின் கறுத்த குழம்பு, ஓரமாக. கடைசியில் கரண்டியைச் சாய்த்து, இறால் சட்டியில் மிதக்கும் சிவந்த எண்ணெயை மட்டும் வழித்து மேலே விட்டார். ஒவ்வொரு சட்டியை விட்டு நகரும்போதும் கரண்டியால் விளிம்பில் ஒரு தட்டு. ஒரு சொட்டுகூட மேசையில் சிந்தவில்லை.

என் முறை வந்தபோது, “மாடு வேணாம்ணே” என்றேன். முகம் சுளிக்காமல் வேறு கரண்டி எடுத்தார். மாட்டுக்குப் பதில் கணவாய்க் குழம்பு விழுந்தது. என்னைப் போல் மாடு சாப்பிடாதவர்கள் நிறையப் பேர் வருவதால், அந்தக் கரண்டி எப்போதும் தனியாக ஒரு தட்டில் இருக்கும்.

தனித்தனியாகத் தொட்டுப் பார்த்தேன். மீன் குழம்பு புளிக்கிறது. கோழிக் குழம்பு வெறும் மசாலாவும் காரமும். கணவாயில் லேசான தித்திப்பு. எதுவும் தனியாக அசத்தவில்லை. பிசைந்த பிறகுதான் அந்த ருசி வருகிறது. “மீன் கொழம்பு ஒரு கரண்டி கூடிப் போச்சுன்னா மத்ததெல்லாம் அமுங்கிடும் தம்பி” என்றார் அண்ணன். சமையலில் பாதி அடுப்பில் என்றால் மீதி இந்தக் கையில்தான் நடக்கிறது.

ஆகஸ்ட் 9, வெள்ளி

ஆடி வெள்ளி. சைவம். வீட்டில் ரசம் சோறு.

ஆகஸ்ட் 10, சனி

அக்கா மகனைக் கூட்டிப் போனேன். யூஎஸ்எம் பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். குளிர்சாதனக் கடையைத் தவிர வேறெங்கும் உட்கார மாட்டேன் என்பவன், இரண்டாவது தடவை சோறு வாங்கினான்.

சாப்பிட்டுக்கொண்டே இதன் கதையைச் சொன்னேன். கடையநல்லூர், ராமநாதபுரம் பக்கமிருந்து கப்பலேறி வந்த முஸ்லிம்கள் தோளில் தண்டு போட்டு, ஒரு முனையில் சோறும் மறுமுனையில் குழம்புச் சட்டிகளுமாகச் சுமந்து விற்ற சாப்பாடு இது. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள்தான் வாடிக்கையாளர்கள். குறைந்த காசில் வயிறு நிறைய வேண்டும், நாலு குழம்பும் கொஞ்சம் கொஞ்சம் கிடைக்க வேண்டும். கலவை அப்படி நிலைத்தது என்றுதான் நான் நினைக்கிறேன். பிறகு தோள்சுமை கடையானது. கேம்பல் ஸ்திரீட்டில் ஹமீதியா 1907-இல் வந்தது. கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலை ஒட்டிய பெராத்தூர் கடை 1943-இல் தொடங்கியது. அங்கே இரவில் நிற்கிற வரிசைக்கு ஊரே சாட்சி.

“அப்போ இது நம்ம ஊர்ச் சாப்பாடா, மாமா?” என்றான். கடையநல்லூரில் போய்க் கேட்டால் இப்படி ஒரு தட்டு கிடைக்காது. சோயா சாற்றில் வெந்த இறைச்சி அங்கே ஏது? கை அங்கிருந்து வந்தது, தட்டு பினாங்கில் பிறந்தது என்றேன்.

ஆகஸ்ட் 14, புதன்

கோழித் துண்டுக்கு ஐம்பது காசு ஏற்றிவிட்டார்கள். வரிசையில் ஒருவர் சத்தம் போட்டார். எனக்குக் கோபம் வரவில்லை. கோழிக்கான அரசு மானியம் போன நவம்பரோடு நின்றது. ஜூன் 10-இலிருந்து டீசலுக்கும் மானியம் போய், லிட்டர் 3.35 வெள்ளி ஆனது. சரக்கு லாரிக்குச் சலுகை உண்டு என்றாலும் சந்தையில் எல்லா விலையும் அசைந்துவிட்டது. பாய் மட்டும் எப்படித் தாங்குவார்?

ஆனால் ஒன்றை விடக்கூடாது. பெரிய இறாலும் மீன் முட்டையும் கேட்கிறவர்கள் முப்பது வெள்ளியும் கொடுக்கட்டும். மூட்டை தூக்கியவர்களுக்காக வந்த சாப்பாடு, ஷிப்ட் முடிந்து வருகிறவன் கைக்கு எட்டாமல் போனால் அது நாசி கண்டாரே இல்லை. கல்லாவில் இருந்த பாயிடம் இதைச் சொல்லியே விட்டேன்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “முட்டைச் சோத்துல கை வைக்கல தம்பி. எங்க வாப்பா இருந்த காலத்துலயும் அதுல லாபம் பாத்ததில்ல. கடைசியாத்தான் அதுல ஏத்துவேன்.”

ஆகஸ்ட் 18, ஞாயிறு

கரண்டி பிடிக்க ஒரு புதுப் பையன் வந்திருக்கிறான். பாயின் பேரன். கல்லூரி விடுமுறையாம். கை நடுங்கியது. மீன் குழம்பைத் தாராளமாக ஊற்றிவிட்டான், தட்டு முழுக்கப் புளிப்பு. அண்ணன் எட்டிப் பார்த்து, ஒன்றும் பேசாமல் கோழிச் சட்டியிலிருந்து ஒரு கரண்டி, இறால் எண்ணெய் ஒரு கீற்று விட்டுச் சரிசெய்தார்.

சாப்பிட்டு முடித்துக் காசு கொடுக்கப் போனபோது பையன் கேட்டான், “எப்படிண்ணே இருந்துச்சு?” மீனைக் குறைத்துக்கொள் என்றேன். தலையாட்டிவிட்டு அடுத்த ஆளுக்குக் கோழிச் சட்டியிலிருந்து ஆரம்பித்தான்.