ஃபாஃப்சா எங்கே சிக்குகிறது: பள்ளிக் கவுன்சிலர் மேசையிலிருந்து

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கல்லூரி நிதியுதவியைப் புரியவைப்பது எங்களைப் போன்ற கவுன்சிலர்களின், அதாவது பள்ளியின் மாணவர் ஆலோசகர்களின் வேலை. மத்திய அரசின் கல்லூரி நிதியுதவிக்கான விண்ணப்பம்தான் ஃபாஃப்சா. அந்தப் படிவத்தை நிரப்புவது அப்படியொன்றும் கஷ்டமில்லை. அதற்கு முந்தைய சில வாரங்களும், எவ்வளவு உதவி என்று சொல்லும் கல்லூரிக் கடிதங்கள் வந்து சேரும் மார்ச், ஏப்ரலும்தான் ஆளைக் கவிழ்க்கும்.

படிவம் அக்டோபர் 1-க்குள் திறக்கும். அதை நிரப்புவதற்கான இணையக் கணக்குத் தொடங்கும் வேலையை நாங்கள் செப்டம்பரிலேயே முடிக்கப் பார்ப்போம். மாணவருக்கு ஒன்று, பெற்றோருக்கு ஒன்று. இரண்டுக்கும் ஒரே மின்னஞ்சலைப் போட முடியாது. பள்ளி மின்னஞ்சல் வேண்டவே வேண்டாம். பள்ளியை விட்டதும் அதை மூடிவிடுவார்கள், பிறகு கடன் சம்பந்தமான தகவல் எதுவும் கைக்கு வராது. பெயர், அரசு தரும் சோஷியல் செக்யூரிட்டி எண் அட்டையில் உள்ளபடியே இருக்க வேண்டும். நம்மவர் வீடுகளில் இங்கேதான் தகராறு: அட்டையில் அப்பா பெயர் பின்னால் இருக்கும், பாஸ்போர்ட்டில் முன்னால், பள்ளிப் பதிவில் வெறும் இனிஷியல்.

கலிஃபோர்னியாவில் இந்தக் குழப்பம் இன்னோரிடத்திலும் கடிக்கும். கால் கிராண்ட் என்ற மாநில உதவித்தொகைக்காக மாணவரின் ஜிபிஏவை, அதாவது மதிப்பெண் சராசரியை, பள்ளி தனியாக மாநிலத்துக்கு அனுப்புகிறது. பெயரோ பிறந்த தேதியோ வேறாக இருந்தால் அது ஃபாஃப்சாவோடு சேராமல் தொங்கும். வழக்கமான கெடு மார்ச் 2. அதற்கு முன் மாணவரை மாநிலத் தளத்தில் நுழையவைத்து, இரண்டும் சேர்ந்துவிட்டதா என்று கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

பிறகு கணினி அறையில் பெற்றோரோடு ஒரு மாலை. 2026-27 கல்வியாண்டுக்கு 2024-ன் வரிக்கணக்கும், கையெழுத்திடும் நாளன்று வங்கியில் உள்ள இருப்பும் தேவை. வரித்துறையிலிருந்து விவரம் எடுக்கப் பெற்றோர் சம்மதிக்க வேண்டும். "எங்க வருமானத்தை எதுக்குக் காட்டணும்?" என்று சம்மதிக்காமல் விட்டால் பெல் கிராண்ட் என்ற மத்திய அரசு மானியமும் கிடையாது, மத்திய அரசுக் கடனும் கிடையாது. கணவன் மனைவி சேர்ந்து வரி கட்டியிருந்தால் ஒருவர் போதும். பிரிந்தவர்கள் என்றால், கடந்த 12 மாதத்தில் பிள்ளைக்கு அதிகம் செலவு செய்தவர்தான் நிரப்ப வேண்டும். பிள்ளை யாரோடு இருக்கிறது என்பதல்ல கணக்கு.

குடியிருக்கும் வீட்டையும் ஓய்வூதியச் சேமிப்பையும் படிவம் கேட்பதில்லை. 401கே என்ற வேலையிட ஓய்வூதியச் சேமிப்புத் தொகையைப் பழக்கதோஷத்தில் 'முதலீடு' என்ற கட்டத்தில் போட்டுவிட்டுத் தலையில் கைவைப்பவர்கள் உண்டு. அதே சமயம், ஊரில் வாங்கிப்போட்ட மனையும் வாடகைக்கு விட்ட ஃபிளாட்டும் முதலீடுதான். அதன் மேலுள்ள கடனைக் கழித்துவிட்டு மதிப்பை எழுத வேண்டும்.

பெற்றோர் எச்1பி வேலை விசாவில் இருந்தாலும், பிள்ளை அமெரிக்கக் குடிமகன் என்றால் விண்ணப்பிக்கலாம். எச்1பிக்காரரின் குடும்பத்துக்கான எச்4 விசாவில் உள்ள பிள்ளைக்கு மத்திய உதவி இல்லை. கல்லூரி தன் கையிலிருந்து ஏதாவது தருமா என்று நேரே கேட்க வேண்டும். இதை ஒன்பதாம் வகுப்பிலேயே சொல்லிவிடுவது நல்லது, பன்னிரண்டாம் வகுப்பில் சொன்னால் அழுகைதான் மிச்சம்.

"அனுப்பியாச்சு" என்று மாணவர் சொல்வதை நாங்கள் நம்புவதில்லை. பெற்றோர் கையெழுத்துக்காகப் படிவம் பாதியில் காத்துக்கிடக்கும். நிலையைத் திறந்து காட்டச் சொல்வோம். முடிவில் வரும் எஸ்ஏஐ (மாணவர் உதவிக் குறியீடு) எண் கல்லூரிக் கட்டணம் அல்ல, உதவியைப் பங்கிடக் கல்லூரி பயன்படுத்தும் அளவுகோல். அது மைனஸ் 1,500 வரைகூட இறங்கும். பெல் கிராண்டின் உச்சம் 7,395 டாலர்.

எங்கள் நேரத்தில் பெரும்பகுதியைத் தின்பது கல்லூரிக் கடிதம். உதாரணத்துக்கு, வருடச் செலவு 34,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். கடிதத்தில் மானியம் 12,000, வொர்க்-ஸ்டடி 2,500, மாணவர் கடன் 5,500, பெற்றோருக்கான பிளஸ் கடன் 14,000. கூட்டினால் சரியாக 34,000, பாக்கி பூஜ்யம்! வீட்டில் இனிப்பு கொடுத்துவிடுவார்கள். நாங்கள் பேனாவை எடுத்து மானியத்தைத் தவிர எல்லாவற்றையும் அடித்துவிடுவோம். மிச்சம் 22,000, குடும்பம் கண்டுபிடிக்க வேண்டிய பணம் அதுதான். வொர்க்-ஸ்டடி என்பது வேலை பார்த்தால் வரும் சம்பளம், கட்டணத்தில் கழிக்கமாட்டார்கள். முதலாமாண்டு மாணவர் கடனுக்கு 5,500 டாலர்தான் உச்சவரம்பு, அதில் படிக்கும்போது வட்டி ஏறாத பகுதி அதிகபட்சம் 3,500. பிளஸ் கடனோ பெற்றோர் தலையில். 2026 ஜூலை 1 முதல் புதிதாக வாங்குவோருக்கு ஒரு பிள்ளைக்கு வருடம் 20,000, மொத்தம் 65,000 என்று அதற்கும் வரம்பு வந்திருக்கிறது. பிளஸ் கடன் மறுக்கப்பட்டால் மாணவர் பெயரில் முதலாமாண்டுக்குக் கூடுதலாக 4,000 வரை கிடைக்கும். பலருக்கு இது தெரியாது.

2024-க்குப் பிறகு வேலை போயிருந்தாலோ பெரிய மருத்துவச் செலவு வந்திருந்தாலோ, கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்துக்கு மறுபரிசீலனை மனு அனுப்பலாம். வேலை நீக்கக் கடிதம், கடைசிச் சம்பளச் சீட்டு, மருத்துவமனை ரசீது, அரைப்பக்கக் கடிதம் போதும். பல கல்லூரிகள் மே 1-க்குள் பதில் கேட்கும் என்பதால், மனு ஏப்ரல் முதல் வாரமே போய்ச்சேர வேண்டும்.