சேப்பாக்கம் மேட்ச் இரவில் செல்போன் பறிபோனால்: என் அனுபவம்

சேப்பாக்கத்துக்குள் போகும்போது கூட்டம் சாயங்காலத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சேரும். மேட்ச் முடிந்தால் சுமார் 38,000 பேர் உட்காரும் மைதானம் மொத்தமும் ஒரே நேரத்தில் வாலாஜா சாலையிலும் பெல்ஸ் ரோட்டிலும் இறங்கிவிடும். அரசினர் தோட்டம் மெட்ரோவுக்குத் திரும்பும் இடத்தில் போலீஸார் கயிறு பிடித்து, ஆட்களைத் தவணை தவணையாக விட்டுக்கொண்டிருந்தார்கள். கயிறு தாழ்ந்ததும் பின்னாலிருந்து ஒரு தள்ளு. பத்தடி நடந்து பேன்ட் பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்தால் போனைக் காணோம்.

கயிறு பிடித்திருந்த காவலரிடமே சொன்னேன். "தம்பி, இப்ப இங்க நிக்காதீங்க, காலையில ஸ்டேஷன்ல எழுதிக் குடுங்க" என்றார். எரிச்சல் வந்தது உண்மை. ஆனால் 2025 ஜூன் 4 அன்று பெங்களூர் சின்னசாமி மைதான வாசலில், கோப்பை வென்ற கொண்டாட்டத்துக்குத் திரண்ட நெரிசலில் 11 பேர் செத்ததை மறந்துவிட முடியுமா? கூட்டம் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும் என்பதுதான் பந்தோபஸ்தில் நிற்பவரின் முதல் வேலை. என் போன் அதற்கப்புறம்தான்.

அன்றிரவே செய்ய வேண்டியது வேறு. நண்பனின் போனிலிருந்து கஸ்டமர் கேரைக் கூப்பிட்டு சிம்மை முடக்கினேன். பிறகு வங்கிக்குச் சொல்லி யுபிஐயை நிறுத்தினேன். கூகுள் கணக்கில் நுழைந்து போனைப் பூட்டும் கட்டளையும் கொடுத்தாயிற்று. போன் அணைக்கப்பட்டிருந்ததால் கடைசியாகத் தெரிந்த இடம் மைதான வாசல்தான். பணம் எதுவும் போயிருந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழைக்க வேண்டும். நல்லவேளை, எனக்கு அது தேவைப்படவில்லை.

காலையில் ஸ்டேஷன். உயர்திரு காவல் ஆய்வாளர் அவர்களுக்கு என்று ஆரம்பித்து, இடம், நேரம், போன் மாடல், போனின் அடையாள எண்ணான 15 இலக்க ஐஎம்இஐ எல்லாம் எழுதிக்கொண்டு போனேன். இரண்டு சிம் போடும் போனுக்கு இரண்டு ஐஎம்இஐ இருக்கும், இரண்டையும் எழுதுங்கள். பில்லிலோ பெட்டியிலோ கிடைக்கும்.

அங்கேதான் இழுபறி. "காணாமப் போச்சுன்னு எழுதுங்க சார். திருட்டுன்னா எஃப்ஐஆர், அப்புறம் கிடைச்சாலும் கோர்ட்ல மனு போட்டுத்தான் வாங்கணும்" என்றார் எழுத்தர். அவர் சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது. எஃப்ஐஆர் போட்டால் கைப்பற்றிய பொருள் வழக்குச் சொத்து, நீதிமன்றம் வழியாகத்தான் கைக்கு வரும். மீதிப் பாதி, ஸ்டேஷன் கணக்கில் ஒரு திருட்டு குறையும் என்பது. போனுக்கு இன்ஷூரன்ஸ் இருந்தால் பெரும்பாலும் எஃப்ஐஆர் கேட்பார்கள், அப்போது விட்டுக்கொடுக்கவே கூடாது. எனக்கு இன்ஷூரன்ஸ் இல்லை. ஆனாலும் நடந்ததை மாற்றி எழுத மனம் வரவில்லை. 'நெரிசலில் யாரோ எடுத்துவிட்டார்கள்' என்றே எழுதிக் கொடுத்தேன். எஃப்ஐஆர் போடவில்லை, புகாரை வாங்கிக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது தந்தார்கள். அந்த எண் இல்லாமல் வெளியே வந்துவிடாதீர்கள். எல்லை எங்களுடையது இல்லை என்று யாராவது திருப்பி அனுப்பினால், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ் 173-வது பிரிவின்படி எந்த ஸ்டேஷனிலும் புகாரை வாங்கித்தான் ஆக வேண்டும் என்று சொல்லுங்கள்.

அடுத்தது மத்திய அரசின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் இருக்கும் சிஇஐஆர், அதாவது தொலைந்த போனை ஐஎம்இஐ வைத்து முடக்கும் வசதி. 2023 மே மாதத்திலிருந்து நாடு முழுக்க இருக்கிறது. தொலைந்த எண்ணுக்கே டூப்ளிகேட் சிம் வாங்கியாக வேண்டும், ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும். மாற்று சிம்மில் முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது என்பதை ஷோரூமில் யாரும் சொல்வதில்லை. அதனால் மறுநாள்தான் உட்கார முடிந்தது. புகார் நகல், பில், அடையாள அட்டை ஏற்றி, சி.எஸ்.ஆர். எண்ணைப் போட்டால் ஒரு கோரிக்கை எண் வரும். அதைப் பத்திரமாக வையுங்கள். அப்புறம் இந்தியாவில் எந்த நெட்வொர்க்கிலும் அந்தப் போன் வேலை செய்யாது, யாராவது சிம் போட்டால் போலீஸுக்குத் தகவல் போகும்.

சில மாதம் கழித்து, நான் புதுப்போன் வாங்கிவிட்டிருந்த நேரத்தில், ஸ்டேஷனிலிருந்து அழைப்பு. வெளியூரில் ஒருவர் செகண்ட் ஹேண்டில் வாங்கி சிம் போட்டிருக்கிறார். சி.எஸ்.ஆர். மட்டும் என்பதால் பில்லைக் காட்டி, கையெழுத்துப் போட்டு நேரே வாங்கிக்கொண்டேன், எழுத்தர் சொன்னது அந்த அளவுக்குப் பலித்தது. பின்பக்கக் கண்ணாடி விரிசல், உள்ளே என் படங்கள் எதுவும் இல்லை. அதே கோரிக்கை எண்ணை வைத்து தடையை நீக்கிய பிறகுதான் சிம் எடுத்தது.

வாங்கியவர் பாவம், காசு கொடுத்து ஏமாந்திருக்கிறார். ஆங்கிலத்தில் கேஒய்எம் (KYM) என்று டைப் செய்து, இடம் விட்டு ஐஎம்இஐ எண்ணைப் போட்டு 14422-க்கு ஒரு எஸ்எம்எஸ் அனுப்பியிருந்தால், வாங்கும் முன்பே இது முடக்கப்பட்ட போன் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.